கொள்ளில் மிச்சம் பிடித்த பொருளாளர்

கம்ப்யூட்டரில் கூட்டல் போடத் தெரிந்தவனுக்கு எல்லாக் கணக்கும் தெரியும் என்று ஊரே நம்பிய காலம் அது. நானும் நம்பினேன் என்பதுதான் வெட்கக்கேடு.

மென்பொருள் வேலைக்காக ஹைதராபாத் வந்து அல்வாலில் குடியேறியிருந்தேன். பக்கத்து வீட்டு முனுசாமி அண்ணன் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர். (வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம்.) லாடம் அடிப்பவர்கள், குதிரைக்காரர்கள், சவாரி சொல்லித் தருபவர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சின்னச் சங்கம் வைத்திருந்தார்கள். லாப நோக்கம் கிடையாது, யாருக்காவது அடிபட்டால் வைத்தியச் செலவுக்கு உதவுவார்கள். என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள்.

அந்த வருடம் அடிபட்டது முனுசாமி அண்ணனுக்கே. ஒரு குதிரை உதைத்ததில் முழங்கால் போய்விட்டது. ஆபரேஷனுக்குச் சங்கத்துப் பணம் பாதிகூடக் காணாது. சங்கத்தின் குதிரை ராணியை மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விட்டுத்தான் மீதியைத் தேற்ற வேண்டும். செலவுப் பட்டியலில் 'ஊர்வலத்துக்கு முன் கொள்ளு' என்று ஒரு வரி இருந்தது. திரும்பி வந்ததும் தின்னப்போகிற குதிரைக்குப் புறப்படும் முன்பும் எதற்கு? அந்த வரியை அடித்துவிட்டேன்.

"நக்கோ சார், வேணாம், கொள்ளுல மட்டும் கை வெக்காதீங்க," என்றார் அண்ணன், கட்டிலில் படுத்தபடி.

"ஒவ்வொரு ரூபாயும் உங்க காலுக்குத்தாண்ணே," என்றேன். (தியாகி என்று நினைப்பு.)

முதல் ஊர்வலம். நான் முன்னால் மிடுக்காக நடந்தேன். மண்டப வாசலில் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒருவரும் இல்லை. தீனி நேரம் ஆனதும் ராணி தெருமுனையில் திரும்பி லாயத்துக்கே போய்விட்டாள். குதிரைக்காரர் கடிவாளத்தோடு இழுபட்டார். குதிரை போகும் வழியே பேண்டு வாத்தியமும், அதன் பின்னால் ஆடிக்கொண்டே சொந்தபந்தமும் போயிருக்கின்றன. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது ராணி காலித் தொட்டியை முகர்ந்துகொண்டிருந்தாள். முகத்தை மறைத்த பூச்சரத்தை விலக்கி, மாப்பிள்ளை மேலிருந்தபடியே பொறுமையாகக் கேட்டார், இதுதான் மண்டபமா என்று.

அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். வாடகை வரவில்லை. பேசி வைத்திருந்த இன்னொரு ஊர்வலத்தையும் ரத்து செய்துவிட்டார்கள். அன்றிரவு எனக்கு அழுகையே வந்தது. என் இரண்டு மாதச் சம்பளத்தைச் சங்கத்தில் போட்டேன், ஆபரேஷன் நடந்தது.

அண்ணன் இப்போது நன்றாக நடக்கிறார். யார் விசாரித்தாலும் முழங்காலைத் தட்டி, "சாரோட கொள்ளுக் காசு," என்கிறார். என் மனைவியோ, வீட்டுச் செலவில் எதையாவது அடிக்க நான் பேனாவை எடுத்தாலே போதும், "மாப்பிள்ளைக்கு ஆட்டோ சொல்லிடட்டுமா?" என்கிறாள்.