நினைவுக்கு ஒரு சில்லு

"நினைவுக்கு ஒன்று" என்று சொல்லிக்கொண்டு, போன இடத்திலிருந்தெல்லாம் எதையாவது பேர்த்துக்கொண்டு வருகிற மனிதர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எல்லா ஊரிலும், எல்லா மதத்திலும் பரவியுள்ள இனம் இது. கோட்டையைக் கண்டால் ஒரு செங்கல் துண்டு, கோபுரத்தைக் கண்டால் சுதைப் பொம்மையின் சுண்டுவிரல், அரண்மனையைக் கண்டால் திரைச்சீலைக் குஞ்சத்தில் நாலு இழை, நவாபு ஒருவரின் சமாதியைக் கண்டால், வேறொன்றும் அகப்படாத பட்சத்தில், அங்கே எரிந்து தீர்ந்த மெழுகுவத்தியின் அடிக்கட்டை. இவர்களைத் திருடர்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மனசு உடைந்துபோவார்கள். இவர்கள் சரித்திரப் பிரியர்கள். அந்தப் பிரியம் தாங்க முடியாமல் சரித்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள், அவ்வளவுதான்.

இந்த இனத்தில் பழுதில்லாத ஓர் உருப்படி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றாம் வருஷ வாக்கில் கோலார் தங்க வயலில், மாரிகுப்பத்தில் குடியிருந்தது. பெயர் கொர்னேலியஸ். சுரங்கத்தில் ரைட்டர் உத்தியோகம். கழுத்து மூடிய கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, மூக்குக் கண்ணாடி, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் வரிசை. ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வருகிற ஆட்கள் ஒரு குறுகலான கதவு வழியாக ஒவ்வொருவராகத்தான் வெளியே போகலாம். போவதற்கு முன் தலைத்துணியை அவிழ்த்து உதற வேண்டும், இரண்டு கையையும் தூக்க வேண்டும், வாயைத் திறந்து காட்ட வேண்டும். தங்கம் கலந்த கல் ஏதாவது அகப்பட்டால், பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கிற நம் ரைட்டர் பதிவேட்டைத் திறப்பார். பெயர், நம்பர், பொருள் என்று வரிசையாக எழுதிக்கொண்டு போய்க் கடைசிக் கட்டத்தில் 'திருட்டு' என்று முடிப்பார். அவர் கையெழுத்து எப்போதுமே அழகு. அந்த ஒரு சொல்லில் இன்னும் கொஞ்சம் அழகு கூடும்.

அவரை மட்டும் யாரும் சோதிப்பதில்லை. சும்மா கிடைத்த மரியாதையா அது? நாலு வருஷம் விடாமல் மனு எழுதி, 'இவரைச் சோதிக்க வேண்டியதில்லை' என்று துரையிடம் இங்கிலீஷில் ஒரு கடிதம் வாங்கியிருந்தார். அது கோட்டின் உள்பையில், மடிப்பெல்லாம் நைந்து, இரவும் பகலும் அவருடனேயே இருந்தது. கூலிக்காரர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது தாம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நடந்து போகிற அந்த இருபது அடி தூரத்துக்காகத்தான் அவர் உயிர் வாழ்ந்தார் என்றே சொல்லலாம். அது போய்விட்டால் தமக்கு ஒன்றுமில்லை என்று அவருக்கே தெரியும்.

வீட்டில் கண்ணாடி போட்ட ஓர் அலமாரி. அதில் வேலூர்க் கோட்டை, கோலார் சமாதி, நந்தி மலை, பெங்களூர்க் கோட்டை வாசல் எல்லாம் ஆளுக்கொரு துண்டாகக் குடியிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் தேதி எழுதிய சீட்டு. அவற்றை வாரா வாரம் துடைத்து வைக்க வேண்டியவள் மனைவி ஞானசுந்தரி. வந்தவர்கள் அலமாரியைத் தொட்டால் ரைட்டருக்குக் கோபம் வந்துவிடும். அடுத்தவர் பொருளில் கை வைப்பது என்ன பழக்கம் என்பார். இதையெல்லாம் எப்படி எடுத்தீர்கள் என்று யாராவது கேட்டுவிட்டால் பதில் தயார். ஒரு சில்லு போனால் கோட்டை விழுந்துவிடுமா? நான் எடுக்காவிட்டால் இதன் அருமை தெரியாத எவனோ ஒருவன் எடுக்கத்தானே போகிறான்? அங்கே வெயிலிலும் மழையிலும் கிடப்பதற்கு, இங்கே கண்ணாடிக்குள் இருப்பது நல்லதில்லையா? கேட்டவர் வாயடைத்துப்போவார். வெட்கமில்லாத பதிலுக்கு முன்னால் யார்தான் வாயடைத்துப் போகமாட்டார்கள்?

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் லீவில் ஸ்ரீரங்கப்பட்டணம் பார்த்து வரலாம் என்று சுரங்கத்து ஆட்கள் பத்துப் பேர் கிளம்பினார்கள். ஊர் தெரிந்தவர், இங்கிலீஷ் தெரிந்தவர் என்று ரைட்டரையும், கூடவே அவர் மனைவியையும் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் முனிரத்தினம், பூமிக்கடியில் மரம் முட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தவர். இதில் ஒரு சங்கதி உண்டு. போன வருஷம் அவருடைய தம்பி முனியப்பனின் இடுப்புத் துணியில் புளியங்கொட்டை அளவு கல் ஒன்று அகப்பட்டது. எப்படி ஒட்டிக்கொண்டதோ தெரியாது என்று அவன் அழுதான். ரைட்டர் கடைசிக் கட்டத்தை நிரப்பினார். பதினைந்து நாள் ஜெயில், வேலை போயிற்று, குடித்தனம் குடியாத்தத்துக்குத் திரும்பிவிட்டது. முனிரத்தினம் அதைப் பற்றி ரைட்டரிடம் ஒரு நாளும் பேசியதில்லை. ரைட்டரும் அதை நினைத்ததில்லை. ஒரு வருஷத்தில் எத்தனையோ பெயர் எழுதுகிற கை.

ரயில் மாறி மாறி, கோட்டை மதிலைத் தாண்டி உள்ளே போய், அந்தக் காலத்துத் தளவாய் ஒருவர் குடியிருந்த மாளிகையை அடைந்தார்கள். ஆட்கள் பார்ப்பதற்கென்று அதை அப்படியே வைத்திருந்தார்கள். தளவாய் படுத்த கட்டில், தளவாய் சாய்ந்த திண்டு, தளவாய் போன பல்லக்கு. சுவர் முழுக்க ஓவியம்: விரல் உயரத்தில் ஆயிரம் சிப்பாய்கள், குதிரைகள், நடுவில் அம்பாரி வைத்த ஒரு யானை. காவலுக்கு இருந்த கிழவர் பழைய பட்டாளத்துக்காரர். எதையும் தொடக்கூடாது என்று கன்னடத்தில் ஒரு தடவை சொன்னார். பத்துப் பேரும் கையை மார்பில் கட்டிக்கொண்டு, சுவரில் மூச்சுக்கூடப் படாமல், நாலடி தள்ளி நின்றே பார்த்தார்கள்.

சரித்திரப் பிரியர் நாலடி தள்ளி நிற்பாரா? இந்த இனத்தார் அறையின் நடுவில் நிற்கவே மாட்டார்கள், சுவரோரமாகத்தான் போவார்கள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருப்பார்கள், விரல்கள் மட்டும் வேலை செய்யும். முகம் விட்டத்தைப் பார்க்கும், வாய் ஏதோ கீர்த்தனையை முணுமுணுக்கும், பக்கத்தில் கட்டாயம் ஒரு மனைவி முந்தானையை விரித்தாற்போல் நிற்பாள். "ஞானம், இப்பிடி வந்து நில்லு" என்றார் ரைட்டர். இருபது வருஷப் பழக்கம்; அவளும் வந்து நின்றாள். இரண்டாம் சரணத்தில் சுவர் கொஞ்சம் உதிர்ந்தது, மூன்றாம் சரணத்தில் ஒரு சில்லு கையோடு வந்தது. யானையின் கண். அதை மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து, கூட்டைக் கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டு, இந்தக் காலத்துச் சனங்களுக்குப் பழசின் மதிப்பே தெரியவில்லை என்று முனிரத்தினத்திடம் வருத்தப்பட்டார்.

வெளியே போகும் வழி ஒரு குறுகலான பக்கக் கதவு. அதன் அருகே கிழவர் காக்கிச் சட்டையோடு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இருட்டறைகளிலிருந்து வெளிச்சத்துக்கு வருகிற வழி, குறுகிய கதவு, சட்டை போட்ட ஓர் ஆள். முதலில் வந்தவன் யோசிக்கக்கூட இல்லை. தலைத்துணியை அவிழ்த்து உதறினான், இரண்டு கையையும் தூக்கினான், வாயைத் திறந்தான். பின்னால் வந்தவனும் அப்படியே. பத்துப் பேரும் வரிசையாகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க, கிழவர் பயந்துபோய் எழுந்துவிட்டார். அப்புறம்தான் அவர்களுக்கே தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முனிரத்தினம் கன்னடத்தில் விஷயத்தைச் சொல்ல, கிழவரும் சிரித்து, தூக்கிய கையை ஏன் வீணாக்க வேண்டும் என்று வேடிக்கையாக ஒவ்வொருவரையும் தட்டிப் பார்த்து அனுப்பினார்.

ரைட்டர் வழக்கம்போல் ஒதுங்கி நடந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் பார்க்காத பார்வையோடு.

அவர் ஏன் வரிசைக்கு வரவில்லை என்று கிழவர் கேட்டார். அவர் ரைட்டர், அவரைச் சோதிக்க மாட்டார்கள் என்றார் முனிரத்தினம். ஏன் என்று கேட்டார் கிழவர். பத்துப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தினமும் பார்க்கிற சங்கதி, ஆனால் ஏன் என்று இதுவரை யாருக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

ரைட்டர் அத்தோடு நடந்து போயிருக்கலாம். கிழவர் வேடிக்கையாகத்தான் கேட்டார், தடுக்கவில்லை. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு காவல்காரன், அதுவும் கூலிக்காரர்களுக்கு முன்னால், ஏன் என்று கேட்டுவிட்ட பிறகு எப்படிப் போவது? உள்பையில் கையை விட்டுத் துரையின் கடிதத்தை வேகமாக உருவி நீட்டினார். கடிதத்தோடு கண்ணாடிக் கூடும் வந்தது. கல் தரையில் விழுந்து திறந்துகொண்டது. மூக்குக் கண்ணாடி அவர் மூக்கிலேயே இருந்தது. கூட்டுக்குள் இருந்து உருண்டது யானையின் கண்.

யாரும் சிரிக்கவில்லை. கிழவர் குனிந்து சில்லை எடுத்து, உள்ளே போய்ச் சுவரில் வைத்துப் பார்த்தார். சில்லு ஒட்டி நிற்கவில்லை. திரும்பி வந்தவர் கையில் ஒரு பதிவேடும் மைக்கூடும் இருந்தன. போலீசுக்கெல்லாம் போகமாட்டேன், ஆனால் பிடிபட்டவர் பெயரையும் குற்றத்தையும் இதில் ஏற்றியாக வேண்டும், எந்த பாஷையானாலும் சரி, தாலுகா அதிகாரி அமல்தார் வரும்போது ஆள் வைத்துப் படித்துக்கொள்வார் என்றார். எனக்கு எழுதத் தெரியாது, உங்களில் யாருக்குத் தெரியும் என்று கேட்டார்.

எழுதத் தெரிந்த ஆண்பிள்ளை அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான்.

ரைட்டர் பேனாவை வாங்கினார். நெற்றியெல்லாம் வேர்வை. ஆனாலும் பழகின கை. பெயர், ஊர், பொருள் என்று எழுதிக் கடைசிக் கட்டத்தையும் நிரப்பி, மையை ஊதி ஆற்றிவிட்டு மூடப் போனார். முனிரத்தினம் பதிவேட்டின் மேல் கையை வைத்தார்.

"ரைட்டரம்மா, நீங்க படிங்க. இன்னா எழுதிக்கீறாருன்னு எங்களுக்குத் தெரியணும்."

ஞானசுந்தரி மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஏட்டைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே கெஞ்சினார். முனியப்பனின் குடும்பம் ரயிலேறிய அன்று, அவன் மனைவிக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தவள் அவள். அன்றிலிருந்து நெஞ்சில் ஒரு பாரம் இருந்தது. இப்போது சுவருக்கு முந்தானை பிடித்த வெட்கமும் சேர்ந்துகொண்டது. நிதானமாக, ஓர் எழுத்தும் விடாமல் படித்தாள்: "தரையில் கிடந்த சுண்ணாம்புச் சில்லு ஒன்றைக் கண்டெடுத்து, காவலரிடம் பத்திரமாக ஒப்படைத்தார்."

முனிரத்தினம் பதிவேட்டை ரைட்டர் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு சத்தம் போடாமல் சொன்னார்:

"எங்க தம்பி இடுப்புல இருந்ததும் சில்லுதாங்க. அதுக்கு நீங்க வேற வார்த்தை எழுதினீங்க. அதையே இங்கயும் எழுதுங்க."

ரைட்டர் மனைவியைப் பார்த்தார். "அடிச்சிட்டு எழுதுங்க," என்றாள் அவள். அவர் அடித்தார். எழுதினார். அவள் குனிந்து படித்துப் பார்த்து, முனிரத்தினத்திடம் தலையை ஆட்டினாள். அந்தச் சொல் அன்றைக்கு அழகாக விழவில்லை என்று பின்னால் ஒரு நாள் அவளே என்னிடம் சொன்னாள்.

பிறகு திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். துரையின் கடிதத்தை அதற்குமேல் யாரிடமும் நீட்டவில்லை என்பது உண்மை. ஆனால் ஊர் திரும்பிய மறு வாரமே, விஷயம் தெரியாத நாலு பேரிடம், ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தளவாய் மாளிகைப் பதிவேட்டில் தம் பெயர் ஏறியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் மேஜை மேல் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறீர்களே ஒரு கல், அது எந்த மண்டபத்தில் எந்தத் தூணோடு இருந்தது என்று நான் கேட்கவில்லை. நம்மை யாரும் சோதிக்காததால்தான் நாம் யோக்கியர்கள் என்றும் சொல்ல வரவில்லை. நாளைக்கு ஒரு காவல்காரர் அந்தப் பதிவேட்டைத் திறந்து, கடைசிக் கட்டத்தைக் காட்டி, பேனாவையும் உங்கள் கையிலேயே கொடுத்தால் என்ன எழுதுவீர்கள் என்பதை மட்டும் இப்போதே யோசித்து வையுங்கள். எழுதுவதற்கு முன்னால், படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் பக்கத்தில் நிற்கவில்லையே என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளவும் மறந்துவிடாதீர்கள்.