குரல் சமையலறைக்கு, தபேலா ஹாலுக்கு

மேனாம்பேடு,
வியாழக்கிழமை.

அன்புள்ள மைத்துனன் பார்த்தசாரதிக்கு,

உன் மாமா சம்பந்தம் ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. ஓசூரில் நீயும் உன் மனைவி மக்களும் குறையில்லாமல் இருக்க மாங்காட்டு அம்மன் துணையிருப்பாள். என் சௌக்கியத்தைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் வழக்கமாக 'நலம்' என்று போடுவேன். இந்த முறை அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். காரணம் நீ.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று சிரிப்பாய். சிரி. போனில் பேசலாமென்றால் எங்கள் ஃப்ளாட்டின் நீள அகலம் உனக்கே தெரியும். ஹாலில் பேசினால் சமையலறைக்குக் கேட்கும், படுக்கையறையில் பேசினால் ஹாலுக்குக் கேட்கும், மொட்டை மாடிக்குப் போனால் கீழ்வீட்டுத் தாயம்மாள் வடகம் காயவைத்துவிட்டு, காக்கா ஓட்டுகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். அதனால் தபால் நிலையத்தில், நூலில் கட்டிப்போட்ட பேனாவைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். விஷயம் இதுதான். உன் அக்கா ஜெகதாம்பாள் நாளைக்கு வீட்டைவிட்டுப் போகிறாள். வெள்ளிக்கிழமை மாங்காட்டுக்குப் போய் அம்மனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே காட்டுப்பாக்கத்தில் மகள் பவ்யா வீட்டில் போய் இருந்துகொள்வாளாம். எப்போது திரும்புவாய் என்று கேட்டேன். "இந்த ஊட்டுக்கா? கூப்டாகூட வரமாட்டேன்" என்றாள். எல்லாம் நீ சொல்லி நான் வாங்கிய ஸ்பீக்கரால் வந்த வினை.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி யாரென்று உனக்கே விளங்கும். நான் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து ரிடையர் ஆகி வீட்டோடு உட்கார்ந்த பிறகுதான், உன் அக்கா பாட்டுக் கேட்கிற லட்சணத்தை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். செல்போனை ஒரு காலி எவர்சில்வர் சொம்புக்குள் நிறுத்திவைப்பாள். பாடுகிறவர் கிணற்றுக்குள் விழுந்துவிட்டுக் காப்பாற்றச் சொல்லிக் கத்துவது போல இருக்கும். நல்ல ஸ்பீக்கர் ஒன்று வாங்கித் தருகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "முப்பது வருஷமா உங்க ஃபேக்டரி சங்குக்குச் சமைச்சேன். இனிமே பாட்டுக்குச் சமைக்கறேன்" என்றாள். எனக்கு மனசு கரைந்துபோயிற்று மச்சான், அதை மறைக்க மாட்டேன். அந்த ஈரம் காய்வதற்குள் உன்னைக் கேட்டேன் பார், அங்கேதான் சனி பிடித்தது. நீ ஒரு வாரம் வாய்ஸ் மெசேஜாக அனுப்பித் தள்ளினாய். சின்ன வீட்டுக்குப் பெரிய ஸ்பீக்கர் வேண்டாம், லைட் எரிகிறதை வாங்காதீர்கள், ஷெல்ஃபில் வைக்கிற சின்னப் பெட்டி ஒரு ஜோடி போதும், பட்ஜெட்டுக்குள் அடங்கும். "ரெண்டு பொட்டி, ஒரு முக்கோணம், மூணாவது முனைல நீங்க. கண்ண மூடுனா பாடறவரு எதிர்ல நிக்கற மாதிரி இருக்கும் மாமா" என்றாயே, இப்போது எதிரில் நிற்பது யார் தெரியுமா? கரண்டியோடு உன் அக்கா.

கடைக்குப் போன கதையைக் கேள். ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் முகமது ஆசிக் என்பவர் கடை வைத்திருக்கிறார், நல்ல மனுஷன். போன உடனே இடுப்பு உயரத்துக்கு ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து, "இத்த எடுத்துகினு போ சார், தெருவே அதிரும்" என்றார். தெரு எதற்கு அதிர வேண்டும், தெருவா எனக்குச் சோறு போடுகிறது, எனக்கு ஹால் கேட்டால் போதும் என்றேன். நான் தரப் பரிசோதனைப் பிரிவில் தலை நரைத்தவன் அல்லவா, டேப்பையும் ரசமட்டத்தையும் கையோடு கொண்டு போயிருந்தேன். உன் அக்கா எந்தக் கருவியும் கொண்டுவரவில்லை. மண்சட்டி வாங்கும்போது செய்வாளே, அதேபோல ஒவ்வொரு பெட்டியையும் விரல் முட்டியால் தட்டிக் காது வைத்துக் கேட்டாள். "இது வேகாத சட்டி." அடுத்ததைத் தட்டினாள். "இது கீறல் சட்டி, ஒழுகும்." ஆசிக் பதறிப்போய், "யம்மா, இது பான இல்லமா, இதுல பேஸ் கீதுமா" என்றார். "இன்னா வேணா இருக்கட்டும்பா, தட்டுனா சொல்லிடும்" என்று கடையையே தட்டிக்கொண்டு போய், மூலையில் தூசி படிந்து கிடந்த பழுப்பு மரப்பெட்டி ஜோடி ஒன்றில் நின்றாள். அது உன் பட்ஜெட்டுக்குள்ளும் அடங்கியது. அதை எப்படி மாட்டுவது, எந்த வயர் எதற்கு என்று ஆசிக் அவளிடம் விளக்க, அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பெட்டியின் ஆழம் நம் ஷோகேஸுக்குள் அடங்குமா என்று அளந்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்க வேண்டாமா? வைக்கட்டும். மிக்ஸிக்கு வைத்தாள், ஃப்ரிட்ஜுக்கு வைத்தாள், கேஸ் சிலிண்டருக்கே வைக்கிறவள். பெட்டியின் மேல் வைத்திருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? வட்டமாக இருக்கிற அந்த முகத்தின் நடுவில் குமிழ் மாதிரி ஒன்று இருக்கிறதே, "நெத்தி மாதிரி எடுப்பா கீது" என்று அங்கே சந்தனத்தைத் தடவி, குங்குமத்தைக் கட்டைவிரலால் ஒரே அழுத்து. குமிழ் பள்ளமாகிவிட்டது. உனக்குப் போன் போட்டேன். வாயை வைத்து மெதுவாக உறிஞ்சுங்கள், வெளியே வந்துவிடும் என்றாய். நானும் மண்டியிட்டு, ஸ்பீக்கரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது, கறிவேப்பிலை கேட்டுக்கொண்டு தாயம்மாள் உள்ளே வந்துவிட்டாள். நான் நிமிர்ந்தேன். உதடெல்லாம் சிவப்பு. "இன்னாண்ணா, ஜெகதா அக்கா ஊட்ல இல்லியா?" என்று கேட்டுவிட்டுக் கறிவேப்பிலை வாங்காமலே போனாள். பள்ளம் சரியாகிவிட்டது. ஃப்ளாட்டில் என் பெயர் இன்னும் சரியாகவில்லை.

அப்புறம் உன் முக்கோணம். சுவரிலிருந்து ஓரடி தள்ளி, இரண்டும் காது உயரத்தில், நடுவில் இவ்வளவு இடைவெளி என்று நீ சொன்னதைச் சொன்னபடி அளந்தேன். ஒரு பக்கம் ஃப்ரிட்ஜ், ஒரு பக்கம் பீரோ, எஞ்சிய இடத்தில் நூல் பிடித்துக் கோடு போட்டால், மூன்றாவது முனை சரியாகக் கழிவறை வாசலில் விழுந்தது. வேறு எங்கும் விழவில்லை, ரசமட்டம் வைத்தே பார்த்துவிட்டேன். சரி என்று அங்கேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். சும்மா சொல்லக்கூடாது, நீ சொன்ன மாதிரி பாடுகிறவர் எதிரில்தான் நின்றார். ஆனால் யாருக்கு அவசரம் வந்தாலும் நான் எழுந்து நாற்காலியைத் தூக்க வேண்டும். உன் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பாட்டுக் கேக்கறீங்களா, இல்ல உள்ள போறவங்களுக்கு டோக்கன் குடுக்கறீங்களா?" என்றாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்ததாக ஒன்று கேட்டாள் பார். "உங்க முக்கோணத்துல எனக்கு எந்த மூல?"

நியாயமான கேள்வி. யாருக்கென்று வாங்கினோம்? அவள் நாள் முழுக்கச் சமையலறையில், பாட்டு கழிவறை வாசலில். நான் அநியாயக்காரன் இல்லை. ஆளுக்கொன்று என்று பாகம் பிரித்துவிட்டேன். கரண்ட் வயரும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகும் இருக்கிற பெட்டி ஹாலில் எனக்கு. அதிலிருந்து ஒரு நீள வயர் இழுத்து, நிலைப்படி மேலே கிளிப் அடித்து, மற்றதைச் சமையலறையில் புளி ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். பழைய பாட்டு ஒன்றைப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவள் உள்ளேயிருந்து கத்துகிறாள், "ஏங்க, இங்க கொரலு மட்டுந்தான் வருது, தாளத்தக் காணோம்!" நான் இங்கிருந்து கத்துகிறேன், "தாளம் பூரா இங்க கீது, ஆளத்தான் காணோம்!" உன்னைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அதான் மாமா ஸ்டீரியோ. பழைய பாட்டுல கொரல ஒரு பக்கம், வாத்தியத்த ஒரு பக்கம் வெச்சிருப்பாங்க. ஜோடிய யாராவது பிரிப்பாங்களா?" என்றாய். இதைப் பாகம் பிரிக்கும் முன்னால் சொல்லியிருந்தால் உன் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

ஆனாலும் அப்படியே ஓட்டினோம். அவள் உள்ளேயிருந்து, "இப்ப சரணம் ஆரம்பிச்சிட்டாரு!" என்பாள். நான், "தபேலாக்காரன் பின்றான் ஜெகதா!" என்பேன். அவள், "இந்த இடத்துல ஒரு இழுப்பு இழுத்தாரு பாருங்க" என்பாள். எனக்கு எங்கே தெரியும், இருந்தாலும் ஆமாம் என்பேன். நாங்கள் இவ்வளவு பேசிக்கொண்டதே இல்லை என்றுகூட நினைக்கிறேன். அத்தோடு விட்டிருக்கலாம். பரிசோதனைப் பிரிவு புத்தி விடவில்லை. பெட்டியின் பின்பக்கத்தைத் துடைக்கும்போது ஒரு சின்ன சுவிட்ச் கண்ணில் பட்டது. தள்ளினால் இடது வலதாகும், வலது இடதாகும். செவ்வாய்க்கிழமை அவள் ரசம் தாளித்துக்கொண்டிருக்கும்போது, அவள் உயிரை விடுகிற பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, சரணத்தின் நடுவில் தள்ளிவிட்டேன். பாடுகிறவர் ஒரு வார்த்தையின் பாதியில் சமையலறையிலிருந்து எழுந்து ஹாலுக்கு வந்து என் எதிரில் நின்றார். பின்னாலேயே உன் அக்கா வந்தாள்.

"வாரத்துல மூணு நாள் எனக்குக் குரல், மீதி நாள் உனக்கு. சம பாகம்" என்று நியாயத்தை எடுத்துச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அதுதான் பயமாக இருந்தது. "எனக்குன்னு இந்த ஊட்ல வந்தது அந்த ஒரு கொரலுதான். அதையும் புடுங்கிகினீங்க இல்ல?" என்று மெதுவாகச் சொன்னாள். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். உடனே சுவிட்சைத் திருப்பி வைத்தேன். அவள் கேட்கவில்லை. பழைய சொம்பை எடுத்துக் கழுவி, போனை அதற்குள் நிறுத்திவிட்டாள். செவ்வாய் முதல் ரசத்தில் உப்பு இல்லை, என்னோடு பேச்சு இல்லை, பாத்திரங்கள்தான் பேசுகின்றன.

ஆகையால், இந்தக் கடிதம் கண்டதும் நீ உன் அக்காவைக் கூப்பிட்டுப் போகாதே என்று சொல்ல வேண்டும். நாளைக்குப் போகிறவளுக்கு நாளை மறுநாள் வரும் கடிதத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வாய் என்பது இப்போதுதான் உறைக்கிறது. பரவாயில்லை, திரும்பி வா என்று சொல். அப்படியே ஒரு நடை வந்து இந்த இரண்டு பெட்டியையும் ஓசூருக்கே எடுத்துக்கொண்டு போய்விடு, உன் முக்கோணத்துக்கு ஆகும். ஒன்று மட்டும் உறுதி. நான் காட்டுப்பாக்கத்துக்குப் போய் அழைக்க மாட்டேன். மாப்பிள்ளை பிரசன்னா முன்னால் போய் நின்று 'தபேலாவோடு திருப்தியாக இருக்கிறேன், வந்துவிடு' என்று சொல்கிற மாமனார் நான் இல்லை. அந்த வாசலை மிதிக்க மாட்டேன், இது சத்தியம்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். காதில் குழாயை மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்க வேண்டாமென்று பிள்ளைகளிடம் சொல். உன் அக்காவின் அன்பையும் இத்துடன் சேர்த்து எழுதியிருக்கிறேன். அவளுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் மாமா,
சம்பந்தம்.

பின்குறிப்பு: இன்று சனிக்கிழமை. தபால் நிலையத்தில் பசை காய்ந்து கிடந்ததால் கவரை ஒட்டாமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன், நல்லதாகப் போயிற்று. உன் அக்கா நேற்றுப் போய்விட்டாள். இரண்டு புடவை, மாத்திரை டப்பா, அதற்கு மேல் சமையலறைப் பெட்டி. வயரைப் பிடுங்கிச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஏன் என்றேன். "இது என் பாகம்" என்றாள். கரண்ட் இருக்கிற என் பெட்டி இல்லாமல் அது பேசாது, போய்த் தெரிந்துகொள்ளட்டும் என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

அவள் போனதும் சுவிட்சைத் தள்ளி அவள் பாட்டைப் போட்டேன். குரல் எனக்கே எனக்காக வந்தது. அந்த இழுப்பு இழுக்கிற இடத்தையும் கேட்டேன் மச்சான், அவள் சொன்னது வாஸ்தவம். "தாளம் அங்க வருதா ஜெகதா?" என்று வாய்விட்டே கத்திவிட்டேன். யார் இருக்கிறார்கள் பதில் சொல்ல? அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் பவ்யா போன் செய்தாள். "அப்பா, அம்மா கொண்டாந்த பொட்டி வாயே தொறக்கல. இவரும் என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டாரு. அம்மா ஒண்ணுமே சொல்லாம சிரிச்சிகினே உக்காந்திருக்காங்க" என்றாள். ஏன் சிரிக்கிறாள் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். கடையில் ஆசிக் எந்தப் பெட்டி தனியாகப் பாடாது என்று விளக்கினாரே, அதைத் தலையாட்டிக் கேட்டவள் அவள். நான் ஆழம் அளந்துகொண்டிருந்தேன்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். ஸ்பீக்கரை எடுத்துப்போக வராதே, வீடு பூட்டியிருக்கும். இதைப் பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் எழுதுகிறேன், என் பெட்டி துணிப்பையில் மடிமேல் இருக்கிறது, டேப்பையும் எடுத்து வந்திருக்கிறேன். பவ்யா வீட்டு ஹால் நம்முடையதைவிட நீளம். என் கணக்குப்படி மூன்றாவது முனை சோபாவில் விழுகிறது, இரண்டு பேர் உட்காரலாம். நான் வருவதை உன் அக்காவிடம் சொல்லத் தேவையில்லை. அவளுக்குத் தெரியும்.