சத்திரத்துக்கு வைத்த ஒப்பாரி

எழவு அண்ணன் வந்து உட்காராமல் எங்கள் ஊரில் ஒரு சாவும் ஒழுங்காக நடந்ததில்லை. உறவோ பகையோ, பந்தலுக்குக் குழி தோண்டும்போதே மனிதர் முன்வரிசை நாற்காலியில் இருப்பார். பஸ் கண்டக்டராக இருந்தவர். காரிமங்கலம் வண்டியில் தூசி விழுந்து யாராவது கண்ணைத் துடைத்தால்கூட, டிக்கெட் கிழிக்கும் முன்னே, "எந்த ஊர்லீங்க எழவு?" என்று கேட்பாராம்.

போன வருஷம் ஊருக்கே ஒரு துக்கம் வந்தது. சந்தைக்கு வருகிறவர்கள் தங்க அந்தக் காலத்தில் கட்டிய கல் சத்திரம் இப்போது உள்ளூர்ப் பையன் செல்வத்தின் பெயரில் இருக்கிறது. அதை அவன் செல்போன் கடையாக்கக் கிளம்பினான். குதிரை செதுக்கிய தூண்களின்மேல் பாத்ரூம் டைல்ஸ் ஒட்டுவானாம். மிச்சத்துக்கு நீல பெயிண்டாம். ஒரு குதிரைக்கு அதற்குள் நீலம் அடித்தும்விட்டான். ஊரே போய்க் கெஞ்சியது.

"என் பட்டா, என் சொவுரு. ஒங்களுக்கு எங்க வலிக்குது?" என்றான்.

மனு கொடுத்தோம். பார்க்க வந்த அதிகாரி நீலக் குதிரையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை டைல்ஸ் மேஸ்திரி வந்தால், சத்திரத்து வாசலில் சாமியானா, நாற்காலி, சங்கு. எல்லாம் எழவு அண்ணன் ஏற்பாடு. பெண்கள் நாங்கள் வட்டமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு,

"கல்லா எழுந்தவளே, ஒன்னக்
கக்கூசா ஆக்குறானே"

என்று அழுதோம். அந்த அடி நான் கட்டியது. கொஞ்சம் பெருமைதான்.

மேஸ்திரி பதறி, "யாருங்க தவறுனது?" என்றார்.

"சத்திரங்க," என்றார் அண்ணன். "வயசாயிருச்சுதான். ஆனா தானா போற உசுரு இல்லீங்க இது. செல்வம் கையால போவுது."

எழவு வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. மேஸ்திரியும் முறைப்படி, சொல்லாமலே போய்விட்டார். பெயிண்டர் அவருக்குப் பின்னாலேயே.

செல்வம் பைக்கில் பறந்து வந்தான். கத்துவதற்கு வாய் திறப்பதற்குள் ஆட்கள் வரிசையாக வந்து அவன் கையைத் தொட்டுத் துக்கம் கேட்டார்கள். "மனசத் தேத்திக்கப்பா. நீயே ஒடஞ்சிட்டா எப்பிடி?"

"யோவ், கட்டடம் எங்கியாவது சாவுமா?"

"அதத்தாம்ப்பா நாங்களும் கேக்கறோம். எதுக்கு அதச் சாவடிக்கற?" என்றார் அண்ணன்.

அப்போது செல்வத்தின் அம்மா, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, தெருமுனையிலிருந்தே மாரடித்தபடி வந்தாள். இது நாங்கள் பேசிவைத்ததல்ல. நேராகப் போய் நீலக் குதிரையைக் கட்டிக்கொண்டாள். "ஒங்கப்பன் என்னையப் பொண்ணு பாத்தது இந்தத் தூணாண்டதான்டா, பாவி."

முந்தின சாயங்காலம் இரண்டாம் தடவையாக அடித்த பெயிண்ட் இன்னும் காயவில்லை. நிமிர்ந்தபோது பாதி முகம் நீலம். செல்வம் அம்மாவைப் பார்த்தான், குதிரையைப் பார்த்தான்.

"எந்திரிம்மா. டைல்ஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்," என்றான். அவனுக்கும் மூக்கு ஒழுகியது. தின்னர் வாங்கிவந்து முதலில் குதிரையைத் துடைத்தான், அப்புறம்தான் அம்மாவை. கடையை எதிரே தகரக் கொட்டகையில் வைத்துக்கொண்டான்.

சாகாததற்கு அழுதுவிட்டோமே என்று எனக்குத்தான் உள்ளுக்குள் உதைப்பு. அண்ணனிடம் சொன்னேன்.

"உசுரோட இருக்கறவங்களுக்கு அழுதா ஆயுசு கெட்டிம்மா," என்றார்.

"அப்ப ஒங்களுக்கும் ஒரு பாட்டு அழுது வெக்கட்டுங்களா?"

"எனக்கெதுக்கு இப்ப? சக்கர மாத்திரைய ஒழுங்காத்தான் முழுங்கறேன்."

சிரித்து அனுப்பிவிட்டேன். அவர் தெருவைத் தாண்டியதும் அடுப்படிக்குப் போய், யாருக்கும் கேட்காமல், அவருக்காகவும் கொஞ்சம் அழுது வைத்தேன்.