பதினேழாம் தேதி கூடம் யாருக்கு

மார்ச் மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். வானம் மூடியிருந்தது, தூறல் இன்னும் தொடங்கவில்லை. நகராட்சியின் பொதுக்கூட அலுவலர் இரண்டு மனுக்களை விளிம்பு பிசகாமல் மேசைமேல் அருகருகே வைத்து, அவற்றில் பூசிய கறுப்பு மை உலர்ந்துவிட்டதா என்று விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். ஒன்று உலர்ந்திருந்தது. மற்றொன்று விரலில் ஒட்டியது.

"கொஞ்சம் பொறுத்திருக்கலாமே ஐயா," என்றார் தட்டச்சர், துணியை நீட்டியபடி. "இப்பத்தான் அடிச்சு வச்சேன்."

கறுப்படிப்பது அந்த அலுவலகத்துக்கே உரிய வழக்கம். கூடம் நகராட்சியினுடையது. எந்த மதத்தின் வழிபாட்டுச் சபையும் அதைக் கேட்கலாம் என்ற விதியைப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் எழுதியவர் இந்த அலுவலரே. எழுதிய கையோடு தமக்கும் ஒரு கட்டுப்பாட்டை வகுத்துக்கொண்டார்: கேட்பவர் எந்தக் கடவுளைக் கும்பிடுகிறார் என்பது முடிவெடுப்பவருக்குத் தெரியக் கூடாது. ஆகவே தட்டச்சர் உறையைப் பிரித்து, ஆள் பெயர், சபைப் பெயர், தெருப் பெயர் மூன்றையும் கறுப்பு மையால் மறைத்த பிறகே மனு அவர் மேசைக்கு வரும். முடிவு கையொப்பமாகி உரியவர் கைக்குப் போய்ச் சேரும்வரை, மறைத்ததைப் பற்றி மூச்சு விடமாட்டேன் என்று தட்டச்சரிடம் எழுதியும் வாங்கியிருந்தார்.

ஊரார் அவருக்குத் 'தராசு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் கேலி பாதி, மரியாதை பாதி. ஒருமுறை அவர் தள்ளுபடி செய்த மனுவின் கறுப்புக்கு அடியில் இருந்தது தம் மாமியாரின் சபை என்பது, மாலையில் வீட்டுக்குப் போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. மாமியார் ஆறு மாதம் பேசவில்லை. அலுவலர் விதியைத் திருத்தவில்லை. அந்த ஆறு மாதத்தைப் பற்றிக் குறையும் சொல்லவில்லை.

இம்முறை சிக்கல் வேறு விதமானது. இரண்டு சபைகளின் ஆண்டுப் பெருவழிபாடு ஒரே நாளில் வந்து விழுந்திருந்தது. இரண்டு மனுக்களும் ஒரே தபாலில் வந்திருந்தன.

முதல் மனு இப்படி இருந்தது: "வரும் பதினேழாம் தேதி முழுவதும் பொதுக்கூடத்தை ■■■■ சபையாருக்கே ஒதுக்குமாறு வேண்டுகிறோம். அவர்களில் முதியோர் அதிகம். வெயிலிலும் மழையிலும் நிற்க இயலாதவர்கள்."

இரண்டாம் மனு: "பதினேழாம் தேதி பொதுக்கூடம் ■■■■ சபையாருக்கே கிடைக்க வேண்டும். அவர்களில் கைக்குழந்தை உள்ளவர்கள் அதிகம். இதில் மாற்றுப் பேச்சுக்கு இடமில்லை."

"ரெண்டு பேருமே பிடிச்ச பிடியில நிக்கறாங்களே," என்றார் அலுவலர்.

"ஐயா, அதுல ஒரு விஷயம்..."

"கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

தட்டச்சர் வாயை மூடிக்கொண்டார். தொலைபேசி மணி அடித்தது. நகராட்சித் தலைவர்.

"என்ன தராசு, ரெண்டு சபைக்கும் தகராறாமே? எனக்கு எதுக்குய்யா இந்த வம்பு? சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்ட முடிவு வரணும். இல்லேன்னா இனிமே எந்தச் சபைக்கும் கூடம் கிடையாதுன்னு தீர்மானம் போட்டுப் பூட்டிடுவேன்."

"அரசாங்கம் எல்லாருக்கும் கதவைத் திறந்து வைக்கறதுதாங்க சமத்துவம்."

"பூட்டும் எல்லாருக்கும் ஒண்ணுதானேய்யா," என்று சொல்லித் தலைவர் வைத்துவிட்டார்.

அலுவலர் ரிசீவரை வைத்தார். பதினான்கு ஆண்டுகளாகத் திறந்திருந்த கதவு. அதன் சாவி இன்று ஐந்து மணியில் தொங்கியது.

இரு சபைகளின் செயலாளர்களையும் வரவழைத்தார். முதல் மனுக்காரரைக் கோப்பு அறையிலும், இரண்டாம் மனுக்காரரைத் தேநீர் அறையிலும் உட்காரவைக்கச் செய்து, தம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். முகத்தையோ உடையையோ பார்த்தால் மனம் சாயக்கூடும். கேள்விகளைத் தட்டச்சர் சுமந்து போவார். பதில்களை எழுதி வாங்கி, கறுப்படித்துக் கொண்டுவருவார்.

முதல் யோசனை, ஆளுக்குப் பாதி நாள்.

பதினைந்து நிமிடத்தில் பதில்கள் வந்தன. ஒன்று: "பாதி நாளை ஏற்க இயலாது. முழு நாளும் ■■■■ சபையாருக்கே." மற்றொன்று: "முழு நாளும் ■■■■ சபையாருக்கே. அதுவரை நாற்காலியைவிட்டு எழுந்திருக்க மாட்டேன்."

"இதைச் சொல்லும்போது முகம் எப்படி இருந்தது?"

"நல்லாத்தான் ஐயா, சிரிச்ச..."

"வேண்டாம். சொல்லாதீங்க."

ஒருவர் எழுந்திருக்க மறுக்கிறார் என்ற செய்தி எப்படியோ மாடிக்குப் போயிற்று. தலைவர் மறுபடி அழைத்தார். "மறியலா பண்றாங்க? அஞ்சு மணி எல்லாம் கிடையாது. மூணு மணி."

இரண்டாம் யோசனை, கூடத்தின் நடுவே பலகைத் தடுப்பு. தச்சர் வந்தார், பக்கத்திலேயே இருந்த கூடத்தை அளக்கப் போனார், கால் மணி நேரத்தில் வெறுங்கையோடு திரும்பிவந்து கதவைத் தட்டினார்.

"ரெண்டு ஆளுங்க ஓடி வந்து என் டேப்பைப் பிடுங்கிக்கிட்டாங்க சார்."

"முதல்ல பிடுங்கினது யாரு?"

"யாருன்னு சொல்லலாமா?"

"கூடாது."

"அப்ப எதுக்குக் கேக்கறீங்க?" என்றார் தச்சர், நியாயமாகவே. "ஒண்ணு மட்டும் சொல்லலாமில்ல? ரெண்டு பேரும் ஒரே குரல்ல சொன்னாங்க, பாதிக் கூடம் குடுத்து அசிங்கப்படுத்தாதீங்கன்னு. எனக்கு டேப் வேணும் சார்."

தலைவரின் மூன்றாம் அழைப்பு உடனே வந்தது. "கைகலப்பு வரைக்கும் போயிடுச்சா? ஒரு மணிக்குள்ள முடி."

மணி பன்னிரண்டு ஐந்து. அலுவலர் மூன்றாம் யோசனைக்கு வந்தார்: இருவரும் நேருக்கு நேர் பேசித் தாங்களே தீர்த்துக்கொள்ளட்டும். நடைக்கூடத்தில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகள் போடப்பட்டன. குரலை வைத்து ஆளை அடையாளம் கண்டுவிடக் கூடாதே என்று அவர் இரு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டார்.

பஞ்சு போதவில்லை.

"எதுல வேணும்னாலும் விட்டுக்கொடுப்பேன். இதுல மாட்டேன்," என்றது ஒரு குரல்.

"உங்களுக்கே இவ்வளவு வீம்புன்னா எனக்கு எவ்வளவு இருக்கும்? போன வருஷம் பந்தல் விஷயத்துல உங்ககிட்ட ஏமாந்துட்டேன். இந்தத் தடவை நடக்காது."

பானை மூடி தரையில் விழுந்து உருண்டது. மற்றப் பிரிவுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பதினான்கு ஆண்டுகளில் அந்த நடைக்கூடத்தில் இரண்டு சபையார் குரல் உயர்த்தியதில்லை. அலுவலர் பஞ்சை இன்னும் அழுத்திக்கொண்டார். நாம் திறந்துவைத்த கதவாலேயே மனிதர்கள் அடித்துக்கொள்கிறார்கள் என்றால், பூட்டச் சொல்லும் தலைவர் சொல்வது சரிதானோ?

"சீட்டுக் குலுக்கிப் பாத்துடலாமா ஐயா?" என்று தட்டச்சர் கேட்டார். "பாரத்தைக் கடவுள்மேல போட்டுடலாம்."

"எந்தக் கடவுள்மேலம்மா போடறது? அதுதானே இங்க பிரச்சினையே."

தட்டச்சர் எதையோ சொல்ல எடுத்த மூச்சை இருமலாக மாற்றி விழுங்கினார்.

அலுவலர் பஞ்சை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். இரண்டு மனுக்களையும் மீண்டும் எதிரே வைத்தார். கடவுள் கறுப்புக்குள் இருந்தார். கறுப்புக்கு வெளியே இருந்தவர்கள் முதியோரும் கைக்குழந்தைகளும் மட்டும். சன்னலுக்கு வெளியே தூறல் மழையாகியிருந்தது. கைக்குழந்தையை இன்னொருவர் தூக்கிக்கொண்டு ஒதுங்கலாம். எண்பது வயதுக்காரரை யார் தூக்குவது? இதற்கு எந்த வேதத்தின் துணையும் தேவைப்படவில்லை.

பேனாவைத் திறந்தார். ஒரு சொல்லும் அடிக்காமல், திருத்தாமல் எழுதினார்: "முதியோரின் உடல்நிலையைக் கருதி, முதல் மனு அதில் கேட்டுக்கொண்டபடியே முழுமையாக ஏற்கப்படுகிறது. இரண்டாம் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. இம்முடிவில் எந்த மதத்தின் உயர்வும் தாழ்வும் கருதப்படவில்லை." கையொப்பமிட்டு, தேதியும் நேரமும் குறித்தார். பன்னிரண்டு ஐம்பத்திரண்டு.

தள்ளுபடியைத் தபாலில் அனுப்புவது அவர் வழக்கமில்லை. தோற்றவரின் முகத்தைப் பார்த்தே கொடுப்பார். சட்டையைச் சரிசெய்துகொண்டு, முடிவின் இரு நகல்களோடு நடைக்கூடத்துக்கு வந்தார்.

முதல் மனுக்காரர் படித்தார். முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? நான்தான் சொன்னேனே," என்று பக்கத்திலிருந்தவரின் தொடையில் தட்டினார்.

இரண்டாம் மனுக்காரர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். முகம் தொங்கிப்போயிற்று.

"வருத்தப்படாதீங்க," என்றார் அலுவலர் மெதுவாக. "சட்டத்துக்கு உங்க மேல எந்தக் குறையும் இல்லே."

"சட்டத்தைச் சொல்லலைங்க. இவர்கிட்ட ரெண்டாவது வருஷமாத் தோக்கறேன்," என்றார் அவர். பிறகு சட்டைப் பையிலிருந்து தச்சரின் டேப்பை எடுத்து அலுவலரிடம் கொடுத்துவிட்டு, வென்றவர் பக்கம் திரும்பினார். "அடுத்த வருஷம் உங்களுக்கு முன்னாடியே மனு போடறேன் பாருங்க."

"முடிஞ்சா போடுங்க," என்றார் வென்றவர்.

வாசலில் மழை கொட்டியது. இருந்தது ஒரே குடை. தோற்றவர் அதை விரித்து வென்றவருக்கும் சேர்த்துப் பிடித்தார். இருவரும் இடித்துக்கொண்டே படியிறங்கினார்கள். அலுவலர் அந்தக் குடை தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"கூடத்தை இழந்துட்டுக் குடை பிடிக்கறார் பாருங்கம்மா. இப்படிப்பட்ட மனுஷங்களுக்காகத்தான் அந்தக் கதவு திறந்திருக்கணும்."

"முடிவு கைக்குப் போயிடுச்சு. இப்ப நான் வாயைத் திறக்கலாமா ஐயா?"

"தாராளமா."

தட்டச்சர் காலையிலிருந்து அடக்கிய மூச்சை விட்டார்.

"ரெண்டு மனுவிலயும் நான் கறுப்படிச்சது எழுதினவங்க சபைப் பேரை இல்லே ஐயா, எதிர்த்தரப்போட பேரை, கூடம் கிடைச்சது தோத்தவருக்குத்தான்."