ஹாரன் பாய் மெதுவாகச் சொன்ன திக்ரு

இந்தப் பூமியில் ரகசியம் என்று ஒன்றுகூட இல்லாமல் வாழ்ந்த மனிதர் எங்கள் ஹாரன் பாய் ஒருவர்தான். அவருடைய ரத்த அழுத்தம், சம்பந்தியோடு மனஸ்தாபம், அல்லாவிடம் தனியாகக் கேட்ட துவா, எல்லாமே சித்தூர் லாரி ஸ்டாண்டு முழுக்கத் தெரியும்.

மாங்காய் ஏற்றும் லாரிகளுக்கும், திருமலைக்கு ஏறும் ஜீப்புகளுக்கும் ஹாரன் மாட்டுவது, பழுது பார்ப்பது அவர் தொழில். முப்பது வருஷம் அந்த அலறலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்ததில் காது முக்கால்வாசி போய்விட்டது. காது போனது அவருக்கு, கஷ்டம் எங்களுக்கு. அவர் கிசுகிசுத்தால் கண்டக்டர் விசில் டிரைவருக்குக் கேட்காது.

தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்த காலம் அது. பாய் கடைக்குப் பக்கத்தில் நானும் ஒன்று வைத்திருந்தேன். வீட்டுக்கு ஒருவர் துபாய், குவைத் என்று விமானம் ஏறிக்கொண்டிருந்தார். பாயின் ஒரே மகனும் துபாயில் ஏ.சி. மெக்கானிக். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் என் பூத்துக்கு போன் வரும். "துன்னியாடா? இன்னா துன்ன? பிரியாணியா?" என்று பாய் கத்துவார். கண்ணாடிக் கதவு நடுங்கும். வெளியே போகிறவர்கள், "பாய் பையன் இன்னிக்கு பிரியாணியாம்" என்று பேசிக்கொண்டே நடப்பார்கள்.

சிக்கல் பள்ளிவாசலில்தான். தொழுகை முடிந்ததும் அவரவர் உட்கார்ந்து, தஸ்பீஹ் மணியை உருட்டி, இறைவனை நினைத்து வாய்க்குள்ளேயே முப்பத்திமூன்று தடவை திக்ரு சொல்வார்கள். பக்கத்தில் தொழுகிறவருக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது என்பது முறை. பாயும் வாய்க்குள்தான் சொன்னார், அவர் நினைப்பில். "சுபுஹானல்லாஹ்!" என்று முதல் மணி உருண்டதுமே புறாக்கள் பறந்துவிடும். பிந்தி வந்து தொழுகிறவர், இது தொழுகையின் மூன்றாவது ரக்அத்தா நாலாவதா என்று எண்ணிக்கை தப்பி முழிப்பார். ஒருநாள் பாய் கையேந்தி, பரம ரகசியமாக, "யா அல்லா, எதிர்க்கடை முஸ்தபாவுக்குக் கொஞ்சம் நல்ல புத்தி குடு" என்று கேட்டார். பின்வரிசையில் இருந்த சீட் கவர் கடை முஸ்தபா "ஆமீன்" என்றார்.

அந்த வருஷம் பாயின் மகன் வேறு கம்பெனிக்கு மாறினான். அதோடு போன் நின்றது. இரண்டு மாதம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாய் வந்து என் போனுக்கு எதிரே உட்காருவார். அவர் கத்தாமல் இருந்தது எங்களுக்குப் பயமாக இருந்தது.

ரமலான் வந்தது. கடைசிப் பத்து நாளும் பள்ளிவாசலை விட்டு வெளியே வராமல் தங்கி வணங்குவதற்கு இஃதிகாஃப் என்று பெயர். மகனுக்காக அதில் உட்காரப்போவதாக பாய் அறிவித்தார். வருஷா வருஷம் அதில் உட்காருகிற முஸ்தபா நேராக இமாமிடம் ஓடினார். "ஹஜ்ரத், பத்து நாளு! நாங்க ஓதறதா, வேணாமா?"

ஹஜ்ரத் இளம் வயசு, தன்மையான மனிதர். பாயைப் பக்கத்தில் உட்காரவைத்து, காதருகே குனிந்து சொன்னார்: "நாம கூப்பிடறது காது கேக்காதவனையும் இல்ல, தூரத்துல கீறவனையும் இல்லன்னு நபிகள் நாயகம் சொல்லிகீறாங்க பாய். மெதுவா சொன்னா போதும்."

"அவனுக்குக் கேக்கும் ஹஜ்ரத், எனக்குத்தான் கேக்கல! சொன்னேனா இல்லியான்னு எனக்குத் தெரிய வேணாமா?"

இஃதிகாஃபுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. யோசித்துச் சொல்வதாக ஹஜ்ரத் அனுப்பிவிட்டார்.

மறுநாள் திருப்பதி ஜீப் ஒன்றுக்கு பாய் ஹாரன் மாட்டிக்கொண்டிருந்தார். காது கேட்காத மனிதர் எப்படி ஹாரன் சரி பார்க்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். விரலால்தான். ஹாரன் மேல் விரலை வைப்பார், அதிர்வை வைத்தே கூட்டுவார், குறைப்பார். அன்றும் அப்படி வைத்தபடி இருந்தவர், "சாலு பாய், சாலு!" என்று டிரைவர் காதைப் பொத்திக்கொண்டு, போதும் என்று தெலுங்கில் கெஞ்சும்வரை அழுத்திவிட்டு, திடீரென்று அதே விரலைத் தன் தொண்டையில் வைத்தார்.

"சுபுஹானல்லாஹ்!" விரல் அதிர்ந்திருக்க வேண்டும். முகத்தைச் சுளித்தார். குரலைக் குறைத்தார். மறுபடி சுளித்தார். கடைசியில் உதடு மட்டும் அசைந்தது. பூத்தில் இருந்த என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இப்ப நான் சொன்னது கேட்டுச்சா?"

"எது பாய்?"

"அப்ப சரி!" என்று அவர் போட்ட சத்தத்தில் டிரைவர் மறுபடியும் காதைப் பொத்தினார்.

அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு பரீட்சை. முஸ்தபா பக்கத்தில் உட்கார்ந்து குர்ஆன் ஓத, பாய் ஒரு கையில் தஸ்பீஹ், மறு கை விரல் தொண்டையில் என்று உட்கார்ந்தார். சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்து முஸ்தபா அவர் தோளைத் தொட்டு, "ஆரம்பிங்க பாய்" என்றார்.

"முப்பத்திமூணு முடிச்சிட்டேனே!"

புறாக்கள் பறந்தன. ஹஜ்ரத் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "திக்ருக்கு அனுமதி. பேச்சுக்குத்தான் இல்ல" என்று தீர்ப்பு சொன்னார்.

இருபத்தேழாம் நோன்பன்று மத்தியானம் என் பூத்தில் போன் அடித்தது. பாயின் மகன்! புதுக் கம்பெனி அவனைப் பாலைவனத்து கேம்ப் ஒன்றில் போட்டுவிட்டதாம், அங்கே போனே கிடையாதாம். "அத்தா எப்படி கீறாரு?" என்று கேட்டு அழுதான். போனை வைத்ததும் பள்ளிவாசலுக்கு ஓடினேன். அங்கே நின்று அவருக்குக் கேட்கும்படி கத்தவா முடியும்? ஒரு காகிதத்தில், "பையன் பேசினான். நல்லா இருக்கான். பெருநாளைக்கு மறுபடி பேசுவான்" என்று எழுதி நீட்டினேன்.

பாய் படித்தார். வாய் திறந்தது. முஸ்தபா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பாயின் விரல் தொண்டைக்குப் போனது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று உதடு மட்டும் அசைந்தது. கண்ணீர் தாடியில் இறங்கியது. என் நெஞ்சிலிருந்து இத்தனை நாள் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. முஸ்தபாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெருநாள் காலை. ஈத்கா திடலில் தக்பீரைச் சத்தமாகச் சொல்வது எங்கள் ஊர் வழக்கம். பழக்கதோஷத்தில் பாய் அங்கேயும் தொண்டையில் விரல் வைத்து நின்றிருந்தார். ஹஜ்ரத் அந்தக் கையை மெல்ல இறக்கிவிட்டார். அவ்வளவுதான். "அல்லாஹு அக்பர்!" பத்து நாள் பாக்கி மொத்தமும் வந்தது. மைக் வைத்திருந்தவர் அதை ஓரமாக வைத்துவிட்டார்.

தொழுகை முடிந்து பாய் என்னைக் கட்டிக்கொண்டார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் காதருகே வந்து, ரகசியமாக, அதாவது திடல் முழுக்கக் கேட்கும்படி, சொன்னார்: "பையனுக்காக துவா கேட்டப்பல்லாம் உனக்கும் சேத்துத்தான்பா கேட்டேன். யாருகிட்டயும் சொல்லிடாத!"

முஸ்தபா சத்தமாக "ஆமீன்" என்றார். பாய் கேட்டுக்கொண்டபடியே, இத்தனை வருஷமாக நானும் யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் உங்களிடம் சொல்கிறேன்.