ஏழாம் நம்பர் பன்றியும் என் விலகல் விண்ணப்பமும்

பெறுநர்: டாக்டர் மியென் அவர்கள், பன்றிக் காய்ச்சல் தடுப்பூசிப் பிரிவு, ஹனோய்.

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வான் லாம் கிராமத்தில் மனைவியோடும் பன்னிரண்டு பன்றிகளோடும் வசிக்கும் லுவான் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் ஆய்வுக்கூடத்தாரும் நலமென நம்புகிறேன். என் பன்றிகளுக்குப் போடும் சோதனை ஊசி சம்பந்தமாகப் போனில் பேசவே கூடாது, "எதுவானாலும் எழுத்துல குடுங்கப்பா, மத்த பண்ணைக்காரங்களுக்கு என்ன விதியோ அதுதான் உங்களுக்கும்" என்று தாங்கள் கறாராகச் சொல்லிவிட்டதால், பெற்ற மகளுக்கே விண்ணப்பம் எழுதும் நிலைக்கு வந்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? (இந்த வரி விண்ணப்பத்தில் சேராது.)

முதல் நாளே கோளாறு. நீ அனுப்பிய கால்நடை மருத்துவர் பிங் கெட்டிக்காரப் பெண்தான். ஆனால் நாலாம் நம்பர் திமிறிய திமிறலில் ஊசி என் தொடையில் இறங்கிவிட்டது. "ஐயோ, பயப்படாதீங்க ஐயா, இந்தக் கிருமி மனுஷங்களை ஒண்ணும் செய்யாது" என்றாள். என்னை விடு, ஒரு பன்றியின் மருந்து வீணாயிற்றே என்று பதறினேன். வேறு ஊசி எடுத்து அதற்கும் போட்டாள். ஆனாலும் தினமும் காலையில் காய்ச்சல் பார்த்துக் குறிக்கும் நோட்டில் பதின்மூன்றாவதாக என் பெயரையும் சேர்த்திருக்கிறேன். எனக்கு வேறு தெர்மாமீட்டர்தான். உன் அம்மா நம்பவில்லை.

அப்புறம் உன் மாமன் ஹாவ். கல்யாண வீட்டு மிச்சத்தை இரண்டு வாளியில் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு, பன்றிகளுக்கென்று ஆசையாக வந்தான். வாசலிலேயே மறித்தேன்.

"வாளியில பன்னிக்கறி இருக்கா?"

"கல்யாண வீட்ல பின்ன புல்லா போடுவாங்க, அத்தான்?"

"அப்ப வந்த வழியே திரும்பு. அதுலதான் கிருமி வருதாம்."

"எங்க அக்கா வீட்டுக்குள்ள வர எனக்குத் தடையா?" என்று அவன் காலை உள்ளே வைத்தான், நான் கிருமிநாசினியைத் தலையிலிருந்து கால்வரை அடித்துவிட்டேன். புதுச் சட்டையாம். அன்றிலிருந்து அவன் பேசுவதில்லை. பன்றிக்கறி வீட்டுக்குள் வரக் கூடாது என்று நான் சொன்னதிலிருந்து உன் அம்மாவும் மீனைத் தவிர எதையும் என் தட்டில் காட்டுவதில்லை.

இதெல்லாம் போகட்டும். ஐந்தாம் நாள் ஏழாம் நம்பர் படுத்துவிட்டது. காய்ச்சல் நாற்பதரை. தவிட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை. "ரெண்டு மூணு நாள் லேசாக் காய்ச்சல் இருக்கும், தானா இறங்கிரும்" என்று பிங் சொன்னாள். லேசு என்ற சொல் என் காதில் ஏறவில்லை. ஊரில் கிருமி வந்த அந்த வருஷமும் முதலில் ஒன்றுதான் படுத்தது. எட்டே நாளில் நாற்பத்தொன்றையும் குழியில் இறக்கிச் சுண்ணாம்பு கொட்டினோம். விடுமுறைக்கு வந்திருந்த நீ குழி விளிம்பில் நின்றாய், அழவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று மனசுக்குள் திட்டினேன். நீ ஹனோய்க்குத் திரும்பிப் போய்ப் படிப்பையே இந்தக் கிருமி ஆராய்ச்சிக்கு மாற்றிக்கொண்டாய். பன்றி நாற்றத்திலிருந்து ஒருத்தியாவது தப்பட்டும் என்று படிக்க அனுப்பினால், இவள் அதன் ரத்தத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டாளே என்று ஊர் முழுக்கப் புலம்பினேன். ஏன் மாற்றிக்கொண்டாய் என்று உன்னிடம் மட்டும் கேட்கவில்லை.

மூன்று நாளாக ஏழாம் நம்பர் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறேன். வேலிக்கு வெளியே நின்று உன் அம்மா கேட்டாள்: "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு நாளாச்சும் இப்படி விசிறினீங்களா?"

"உனக்கு வந்தா பக்கத்துப் பண்ணைக்குப் பரவாதுடி."

அன்று மீனும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே தேநீரை வேலிக்கு மேலாக நீட்டினாள். "அவ செஞ்ச மருந்துங்க. பாத்துத்தான் செஞ்சிருப்பா" என்றாள்.

மியென், இன்னொரு குழி தோண்ட எனக்குத் தெம்பு இருக்கிறது. ஏழாம் நம்பர் உன் ஊசியால் செத்தது என்று உன் கையாலேயே நீ எழுத வேண்டி வந்தால், அதைத் தாங்கத்தான் எனக்குத் தெம்பில்லை. அதுவும் அப்பாவின் பன்றி என்று எழுத வேண்டி வந்தால்.

ஆகவே, இரண்டாவது ஊசிக்கு என் பன்றிகளைத் தர இயலாது என்றும், என்னை இந்தச் சோதனையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆய்வுக்கூடத்தார் அனைவருக்கும் என் வணக்கம். குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே. நம் முன்னோர் உன் பக்கம் நிற்கட்டும்.

தங்கள் பணிவுள்ள,
லுவான் (அப்பா)

பின்குறிப்பு: கையெழுத்துப் போடும்போது கொட்டகையில் ஒரே ரகளை. ஓடிப் பார்த்தால், ஏழாம் நம்பர் எழுந்து எட்டாம் நம்பரை இடித்துத் தள்ளிவிட்டு அதன் தவிட்டையும் சேர்த்துத் தின்றுகொண்டிருக்கிறது. சூடு முப்பத்தொன்பது, பன்றிக்கு அது சாதாரணம். மூன்று தடவை பார்த்தேன், நாலாம் தடவைக்கு அது சம்மதிக்கவில்லை. மேலே எழுதியது எதையும் நீ படிக்கவில்லை என்று வைத்துக்கொள். கிழித்துப் போட்டிருக்கலாம், நாலு பக்கம் எழுதிய கை கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை இரண்டாவது ஊசிக்குப் பன்னிரண்டையும் நானே பிடித்துக் கொடுக்கிறேன்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ங்வெத் அக்கா, உன் அம்மா சொல்லிக் கேட்டு, வாசலுக்கு வந்திருந்தாள். அவளும் நம்மைப்போல அந்த வருஷம் எல்லாவற்றையும் புதைத்தவள். வெறும் கொட்டகையில் காளான் வளர்க்கிறாள், பன்றி என்ற பேச்சையே எடுப்பதில்லை. தள்ளி நின்றே கேட்டாள்: "தம்பி, உன் பன்னி எழுந்து சாப்பிடுதாமே?"

"ரெண்டு பங்கு சாப்பிடுதுக்கா."

அவள் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "இந்த ஊசி கடைக்கு வந்தா எனக்கும் ஒரு அஞ்சு குட்டிக்கு வேணும். கண்டுபிடிச்ச டாக்டர் பேரு என்னப்பா?"

நீ பிறந்ததிலிருந்தே அவளுக்கு உன்னைத் தெரியும். ஆனாலும் கேட்டாளே என்று, குடும்பப் பெயரோடு முழுசாகச் சொன்னேன். அவளுக்குக் காது நன்றாகத்தான் கேட்கும். இருந்தாலும் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.