மட்கியும் மட்காவும்

அரைகுறையாக மொழி தெரிந்தவனைச் சாவு வீட்டு வேலைக்கு அனுப்பவே கூடாது. ஒன்றுமே தெரியாதவன் கையைக் காட்டிப் பிழைத்துக்கொள்வான். நானோ இலக்கணம் வேறு கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கல்யாணமாகிப் புனே வந்த புதிது. இந்த ஊர்ப் பேச்சில் சொல் 'இ'யில் முடிந்தால் சின்னச் சாமான், 'ஆ'வில் முடிந்தால் பெரிய சாமான். டப்பி, டப்பா. ஹண்டி, ஹண்டா. கசார்வாடிப் பட்டறையிலேயே காலம் தள்ளிய மாமனாரிடம் இதைச் சொன்னபோது, "இத்தனை வருஷமா எனக்குத் தோணலையே மாப்பிள்ளை" என்று தொந்தி குலுங்கச் சிரித்தார். அடுத்த மாதமே மாரடைப்பில் போய்விட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். கொள்ளிக்குடத்துக்கு மண்பானை இல்லை. நான் போகிறேன் என்றேன். (சும்மா இருந்திருக்கலாம்.)

இந்தியில் மட்கி என்றால் சின்னப் பானை. மளிகைக் கடையில் அதைத்தான் கேட்டேன். கடைக்காரர் முளைகட்டிய பயறை அள்ளித் தராசில் போட்டார். இங்கே மட்கி என்றால் பயறாம்! சரி, மாமனார் உடம்புக்குச் சின்னது எப்படியும் போதாது என்று முடிவை மாற்றி, 'மட்கா' என்றேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கண்ணாலேயே பின்சந்தைக் காட்டினார்.

அங்கே தகரக் கொட்டகையில் ஒருவன் சீட்டு எழுதிக்கொண்டிருந்தான். பானை ஒன்றைக்கூடக் காணோம். (குடோனில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.) என்ன நம்பர் என்றான். ஒன்று என்றேன். ஓபனா, க்ளோஸா என்றான். வாய் மூடிய பானையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஓபன் என்றேன். காசை வாங்கிக்கொண்டு சீட்டைக் கையில் கொடுத்தான். பானை வரட்டும் என்று நின்றேன்.

போலீஸ்தான் வந்தது. எல்லோரும் ஓடினார்கள். பானை வாங்காமல் நான் எப்படி ஓடுவது?

ஸ்டேஷனில், மாமனார் செத்துவிட்டார், அதனால்தான் மட்காவுக்கு வந்தேன் என்று ஏட்டிடம் விளக்கினேன். பிணத்தைப் போட்டுவிட்டுச் சூதாட வந்தாயா என்று ஓங்கி ஓர் அறை விட்டார். மட்கா என்பது நம்பர் சூதாட்டம் என்று அப்போதுதான் புரிந்தது. அழுகை முட்டியது, அறை வாங்கியதற்காக இல்லை. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, மாமனார் வீட்டில் எனக்காகக் கிடந்தார்.

கடைசியில், கொள்ளி வைக்க வேண்டிய மச்சினனே ஈர வேட்டியோடு என்னைத் தேடி வந்துவிட்டான். அவன் கோலத்தைப் பார்த்ததும் ஏட்டு எழுந்து நின்று என்னை விட்டுவிட்டார். "எதிர்வீட்டுல பானை குடுத்துட்டாங்க அத்தான், வாங்க" என்றான். திட்டியிருக்கலாம், பாவி திட்டவில்லை. இருட்டித்தான் எடுத்தோம்.

பதினாறாம் நாள் அந்த ஓபன், க்ளோஸ் கதையைக் கேட்டு மாமியார்தான் முதலில் சிரித்தார். அன்றிலிருந்து குடும்பத்தில் எந்தச் சாவு விழுந்தாலும், பானைக்கு மட்டும் இவரை அனுப்பாதீர்கள் என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை.

சில வருஷம் கழித்து மாமியாரும் ஆஸ்பத்திரியில் படுத்தார். எலும்பும் தோலுமாகக் கிடந்தவர் ஒருநாள் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, நான் ஒல்லி. எனக்கு மட்கி போதும்."

அவர் போனபோது பானைக்கு நானேதான் போனேன். வாயைத் திறக்காமல், கையைக் காட்டி, சின்னதாக ஒன்று வாங்கி வந்தேன்.